மார்க்கெட்டைக் கட்டுறதுக்கு முன்னாடி, அங்க போறதுக்கு ஒரு பஸ் விடுங்க: குபேர் மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு, இந்திரா – ராஜீவ் மேம்பாலம்

வீராம்பட்டினத்துப் பொண்ணு எழுதியது:

எங்க அம்மா முப்பது வருஷமா புதுச்சேரி குபேர் மார்க்கெட்ல மீன் விக்கிறாங்க. ராத்திரி ரெண்டரைக்கு எழுந்து நீராகாரம் குடிச்சிட்டு மூணேகாலுக்கெல்லாம் தெருமுனையில நிப்பாங்க. கூட இன்னும் நாலு பேர். அஞ்சு பேரும் சேர்ந்து ஒரு லோடு ஆட்டோ பேசி வெச்சிருக்காங்க. அன்னக்கூடையை முதல்ல ஏத்தணும், மிச்சம் இருக்கிற இடத்துல காலை மடக்கி இவங்க உக்காரணும். அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், முதலியார்பேட்டை தாண்டி ரயில்வே கேட். தண்டவாளத்து மேல வண்டி ஏறி இறங்குற அந்த ஒரு நிமிஷம் கூடையை ரெண்டு கையாலயும் அழுத்திப் பிடிச்சுக்கணும்னு அம்மா சொல்லுவாங்க. சின்ன வயசுல லீவு நாள்ல கூடப் போயிருக்கேன், எனக்கும் அந்தக் குலுக்கல் தெரியும்.

மார்க்கெட்டை இடிச்சுட்டு ஸ்மார்ட் சிட்டி திட்டத்துல புதுசாக் கட்டணும்னு பேச்சு வந்து வருஷக்கணக்கா ஆச்சு. மொத்தமா இடிக்கக் கூடாதுன்னு வியாபாரிகள் போராடினாங்க. எத்தனை கடை, எந்த மாடியில எது, கார் எங்க நிறுத்தறதுன்னு எல்லாம் பேசியாச்சு. ஆனா இந்தப் பேச்சுல ஒரு தடவைகூட, விடிகாலையில கூடையோட வர்ற பொம்பளைங்க எப்படி வந்து சேர்றாங்கன்னு யாரும் கேட்டு நான் பார்க்கலை. அம்மாவுக்கு ஒரு நாள் வருமானத்துல நல்ல பங்கு ஆட்டோவுக்கே போகுது. திரும்பி வரும்போது காலிக் கூடைதான், அதையும் பஸ்ல ஏத்த விடமாட்டாங்க. போன மாசம் ஒரு தனியார் பஸ்ல ஏறினப்ப, "வாடை அடிக்குது, எல்லாரும் முகம் சுளிக்கிறாங்க, இறங்கு"ன்னு படிக்கட்டுலயே நிறுத்தி இறக்கிவிட்டாங்க. கூடையை மார்க்கெட்டுலயே கழுவித் துடைச்சுத்தான் எடுத்துட்டு வந்தாங்க. அன்னிக்கு வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் பேசலை.

நான் கேக்கறது ஒண்ணுதான். மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு, மேம்பாலம்னு ஊரையே மாத்திக் கட்டறோம். ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனியா வரைபடம் இருக்கு. ஒரு இடத்துலேருந்து இன்னொரு இடத்துக்கு ஜனங்க போறதுக்கும் ஒரு வரைபடம் வேணாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. இதை மனுவா எழுதிக் குடுக்கலாம்னு இருக்கேன்.

---

நேரு வீதிக் கடை எழுதியது:

தங்கச்சி, உங்க அம்மா உக்கார்ற மீன் பகுதியிலேருந்து ரெண்டு வரிசை தள்ளி எங்க கடை. தாத்தா காலத்துலேருந்து பூண்டு, மிளகாய், புளி. நீங்க எழுதினதைப் படிச்சதும், இத்தனை கூட்டத்துக்குப் போயும் இதை நாங்களும் கேக்கலையேன்னு மனசுல பட்டுது.

எங்க பயம் வேற மாதிரி. தற்காலிகம்னு சொல்லி வெளிய அனுப்பினா, திரும்பி வர எத்தனை வருஷம் ஆகும்? மேரி கட்டடம் (பழைய நகராட்சி ஆபீஸ்) 2014 நவம்பர் மழையில இடிஞ்சு விழுந்தது, திரும்பக் கட்டித் திறந்தது 2021ல. அது ஒரு கட்டடம். இங்க நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவுல ஒரு முழு மார்க்கெட். கடைக்காரனுக்காவது கையில வாடகை ரசீது இருக்கும். தரையில உக்காந்து, தினமும் இடத்துக்கு அடிக்காசு குடுத்து வியாபாரம் பண்றவங்க கையில என்ன இருக்கு? அதனாலதான் ஒரு பக்கம் கட்டி முடிச்சு, அங்க ஆளை மாத்திட்டு, அடுத்த பக்கத்தை எடுங்கன்னு சொல்றோம்.

அடித்தளத்துல பார்க்கிங்னு யாராவது பேச்செடுத்தா நான் ஒத்துக்க மாட்டேன். 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். ஒரே நாள்ல 46 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. அன்னிக்குத் தண்ணி எங்கெல்லாம் நின்னுதுன்னு பார்த்தவங்க இந்த ஊர்ல தரைக்குக் கீழே பள்ளம் தோண்டுவாங்களா?

எங்ககிட்ட வர்றவங்க பெரும்பாலும் பாகூர், கிருமாம்பாக்கம், திருக்கனூர், மரக்காணம் பக்கத்து ஜனங்க. கல்யாணம், காது குத்து, காரியம்னா மொத்தமா மளிகை எடுக்க வருவாங்க. பஸ் ஸ்டாண்டுல இறங்கினா மார்க்கெட்டுக்கு ஏறக்குறைய ரெண்டு கிலோமீட்டர். வரும்போது டெம்போ. திரும்பும்போது கையில மூட்டை, டெம்போக்காரர் மூட்டைக்கும் ஒரு ஆள் காசு கேப்பார். அதனாலேயே பல பேர் அவங்க ஊர்லயே வாங்கிக்க ஆரம்பிச்சுட்டாங்க. நாங்க தொலைச்ச வியாபாரம் ஆன்லைன்ல மட்டும் போகலை, அந்த ரெண்டு கிலோமீட்டர்லயும் போயிருக்கு.

---

ரெட்டியார்பாளையம் எழுதியது:

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

மார்க்கெட்டைக் கண்டிப்பாப் புதுசாக் கட்டணும். உள்ள மின்சார ஒயர் தொங்குற நிலைமையும் வடிகாலும் தினமும் அங்க இருக்கிற உங்களுக்கே தெரியும். ராத்திரி ரெண்டரைக்கு எழுந்து வர்ற பெண்களுக்கு உருப்படியா ஒரு கழிப்பறை இருக்கா? "இடிக்காதே"ன்னு மட்டும் சொல்லிட்டு இருந்தா இன்னும் இருபது வருஷம் இப்படியேதான் கிடக்கும்.

இன்னொண்ணு. எல்லாரும் புல்வார் (பழைய டவுனைச் சுத்தி ஓடுற ரோடு) உள்ளேயே பேசிட்டு இருக்கீங்க. 2011 கணக்கெடுப்புல புதுச்சேரி நகராட்சியில 2,44,377 பேர், உழவர்கரை நகராட்சியில 3,00,104 பேர். ஜனங்க அதிகமா இருக்கிறது வெளிய. ரெட்டியார்பாளையம், மூலக்குளம், லாஸ்பேட்டை, கோரிமேடு, இங்கெல்லாம் ஒரு பேட்டையிலேருந்து பக்கத்துப் பேட்டைக்குப் போக நேரா பஸ் கிடையாது. எதுக்கெடுத்தாலும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் மாறணும். என் பொண்ணு மூலக்குளத்துலேருந்து லாஸ்பேட்டை காலேஜுக்குப் போகணும். கடைசியில ஸ்கூட்டி வாங்கிக் குடுத்தேன், கடன்ல. தெருவுல வண்டி அதிகமாயிடுச்சுன்னு சொல்றோமே, அதுல ஒரு வண்டி எங்களோடது. பஸ் இருந்திருந்தா வாங்கியிருக்க மாட்டேன்.

---

பழைய கண்டக்டர் எழுதியது:

பாப்பா, உங்க அம்மாவை இறக்கிவிட்ட விஷயத்தைப் படிச்சதும் தூக்கம் வரலை. நானும் அந்தத் தொழில்லதான் இருந்தேன். 1991லேருந்து 2019 வரைக்கும் தனியார் டவுன் பஸ், பெரும்பாலும் கடலூர் ரோடு. மீன் கூடையை வேணாம்னு நானும் சொல்லியிருக்கேன். இப்ப நினைச்சா வெக்கமா இருக்கு. ஆனா எதனால சொன்னேன்னு நான் உடைச்சுச் சொன்னாத்தான் உங்க மனு சரியா இருக்கும்.

தனியார் டவுன் பஸ்ல டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சம்பளம் பேருக்குத்தான். வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது பேட்டா. அது அன்னிக்குக் கலெக்ஷனைப் பொறுத்தது. கலெக்ஷன் இல்லைன்னா முதலாளி முகம் குடுத்துப் பேசமாட்டார். ரூட்டும் டைமும் பர்மிட்டுலயே எழுதியிருக்கும், 1988 மோட்டார் வாகனச் சட்டத்துப்படி அதை மீறக் கூடாது. நடைமுறையில என்ன நடக்கும்னா, உங்களுக்கு முன்னாடி போற வண்டி மெதுவா உருட்டி உங்க ஸ்டாப்பிங் ஆளையும் சேர்த்து ஏத்திக்குவான். உங்களுக்குப் பின்னாடி வர்றவன் விரட்டிட்டு வருவான். டைம் ஆபீஸ்ல தினமும் சண்டை. இந்த ஓட்டத்துல ஒரு கூடையை ஏத்தி இறக்க ஒரு நிமிஷம் போச்சுன்னா, அடுத்த ஸ்டாப்பிங்ல நிக்கிற எட்டுப் பேரு கை விட்டுப் போயிடும். கூடைக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டா சில்லறைக் காசு. அதனால "வாடை"ன்னு சொல்லிடறது. வாடை ஒரு சாக்கு, பாப்பா. உள்ள இருக்கிறது கலெக்ஷன்.

நான் சேர்ந்த புதுசுல பஸ் கூரையில கேரியர் இருக்கும். விடிகாலை முதல் நடை கிளம்பும்போது கிளீனர் பையன் ஏணியில நின்னு கூடையா வாங்கி மேல அடுக்குவான். மேலேருந்து சொட்டுற தண்ணி கண்ணாடியில கோடு கோடா இறங்கும். ஜன்னலை மூடிக்கங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டே இருப்போம், யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க. அப்புறம் கிளீனரை எடுத்தாங்க, கேரியரை எடுத்தாங்க. முதல் நடையும் தள்ளித் தள்ளிப் போச்சு, ஏன்னா அந்த நேரத்துல டீசல் காசு கூட வராது. அந்த இடத்தைத்தான் டெம்போவும் லோடு ஆட்டோவும் பிடிச்சுது. டெம்போக்காரரை நான் குறை சொல்லமாட்டேன். பஸ் விட்டுட்டுப் போன ஜனங்களை அவங்கதான் இத்தனை வருஷமா சுமக்கறாங்க.

இதுக்கு ஒரே வழி, வண்டி ஓட்டறவனுக்கும் டிக்கெட் காசுக்கும் இருக்கிற முடிச்சை அவிழ்க்கணும். அரசாங்கம் ரூட்டையும் டைமையும் முடிவு பண்ணி, ஓடின கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு முதலாளிக்குக் குடுக்கணும். டிக்கெட் காசு அரசாங்கத்துக்குப் போகணும். 2023ல மத்திய அரசு 10,000 பஸ்ஸுக்குக் கொண்டு வந்த பி.எம். இ-பஸ் சேவா திட்டமும் இந்தக் கிலோமீட்டர் கணக்குதான். அப்படி இருந்தா ஆள் குறைவான முதல் நடையையும் யாரும் வெட்ட மாட்டாங்க, கூடை ஏறுற வரைக்கும் டிரைவர் நிப்பான்.

நம்ம ஊருக்குன்னு ஒரு சிக்கல் தனியா இருக்கு. மண்ணாடிப்பட்டு, திருக்கனூர் பக்கம் போனீங்கன்னா நடுநடுவுல தமிழ்நாட்டு மண்ணு வரும். ரெண்டு அரசும் ஒப்பந்தம் போட்டாத்தான் பர்மிட். ஒரு வண்டியைப் புதுசா விடணும்னா ஃபைல் ரெண்டு தலைமைச் செயலகம் ஏறி இறங்கணும். வீராம்பட்டினத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. முழுக்க நம்ம எல்லைதான். அதனால முதல்ல அங்கேருந்து கேளுங்க.

---

காலாப்பட்டு மாணவி எழுதியது:

ஐயா சொன்னதுல ஒரு வரி என்னை உலுக்கிடுச்சு, "பஸ் விட்டுட்டுப் போன ஜனங்க". நாங்களும் அந்தக் கணக்குலதான் வர்றோம். யுனிவர்சிட்டி லைப்ரரியில ராத்திரி வரைக்கும் இருந்து படிச்சிட்டு டவுனுக்கு வரணும்னா நெடுந்தூர பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தணும். நின்னா அதிர்ஷ்டம். இப்ப மின்சார பஸ் ஓட ஆரம்பிச்சிருக்கு, உக்காந்து போக நல்லா இருக்கு, மறுக்கலை. ஆனா ஸ்டாப்பிங்ல "அடுத்த வண்டி எத்தனை மணிக்கு"ன்னு ஒரு பலகை கூட இல்லாம எவ்வளவு நேரம் நிக்கிறது? பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு வண்டின்னு தெரிஞ்சா நிப்பேன். தெரியலைன்னா அஞ்சாவது நிமிஷத்துல ஆட்டோ ஆப்பைத் திறந்துடறேன்.

---

ஓ.டி. கடலூர் எழுதியது:

கடலூர் ஓல்டு டவுன்லேருந்து எழுதறேன். தினமும் புதுச்சேரிக்கு வேலைக்கு வர்றவன், அதனால பேச எனக்கும் உரிமை இருக்குன்னு நினைக்கிறேன்.

எங்க ஊர்ல பெரிசா எதுவும் இல்லைன்னு நாங்களே சொல்லிக்குவோம், ஆனா ஒண்ணு இருக்கு. திருப்பாதிரிப்புலியூர் ரயில்வே ஸ்டேஷனும் பஸ் ஸ்டாண்டும் பக்கத்துப் பக்கத்துல. மயிலாடுதுறை பாசஞ்சர்ல இறங்கி, பையைத் தோள்ல போட்டுட்டு நடந்தே போய் பண்ருட்டி பஸ்ல ஏறலாம். யாருக்கும் காசு குடுக்க வேணாம். இடம் போதலைங்கிறது உண்மை. அதனால எம்.புதூருக்குக் கொண்டு போகணும்னு திட்டம் வந்துது, எதிர்த்துப் போராட்டமும் நடந்துது. நானும் அந்தப் போராட்டத்துல நின்னேன். இடம் மாத்தறதே தப்புன்னு நான் சொல்லலை. சென்னையில கிளாம்பாக்கம் 2023 டிசம்பர் கடைசியில திறந்தாங்க, பக்கத்துல ரயில் நிலையம் தயாராகறதுக்கு முன்னாடியே. நடுராத்திரி குழந்தையையும் பெட்டியையும் தூக்கிட்டு மாநகர பஸ் தேடின ஜனங்களை நான் நேர்ல பார்த்தேன், அதுல என் அக்காவும் ஒருத்தி. புது பஸ் ஸ்டாண்டுன்னா முதல் நாளே அதுக்கு இணைப்பு பஸ் ஓடணும். அது ஓடலைன்னா திறப்பு விழா வைக்கக் கூடாது.

உங்க ஊர்ல நடந்த ஒண்ணை நீங்க கவனிச்சீங்களான்னு தெரியலை. 2024 ஜூன்லேருந்து 2025 மே வரைக்கும், மறைமலையடிகள் சாலை பஸ் ஸ்டாண்டைக் கட்டும்போது, பஸ்ஸையெல்லாம் ஏ.எஃப்.டி. மில் திடலுக்கு மாத்தினாங்க. மழையில அந்தத் திடல் சேறுதான், செருப்பைக் கையில எடுத்துட்டு நடந்திருக்கேன். ஆனா அந்த ஒரு வருஷம் ரயில்வே ஸ்டேஷன் கிட்ட வந்துடுச்சு. விழுப்புரத்துலேருந்து ரயில்ல வந்த என் கூட வேலை செய்யறவர் நடந்தே பஸ்ஸுக்கு வந்தார். பழைய இடத்துக்கே திரும்பினதும் மறுபடியும் ஆட்டோ. அந்த ஏ.எஃப்.டி. நிலத்துல ஒரு மூலையாவது டவுன் பஸ் நிறுத்தமா மிஞ்சினா எவ்வளவு நல்லா இருக்கும்.

இன்னொரு விஷயம். தமிழ்நாட்டுல 2021 மே மாசத்துலேருந்து சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்குக் காசு கிடையாது. எங்க தெருவுல பூக்கட்டுற அக்கா முன்னல்லாம் முதுநகர்லயே வித்துட்டு வந்துடுவாங்க. இப்ப மஞ்சக்குப்பம் வரைக்கும் போறாங்க. பஸ்ஸுக்குப் போன காசு கையில நிக்குது, அதை விட முக்கியம், நல்ல விலை கிடைக்கிற இடத்துக்குப் போக முடியுது. ஆல்பேட்டை செக்போஸ்ட் தாண்டி முள்ளோடைக்குள்ள வந்தா அந்தச் சலுகை நின்னுடும். வீராம்பட்டினத்து அம்மாவுக்கும் எங்க பூக்கார அக்காவுக்கும் நடுவுல ஒரு தென்பெண்ணைதான் ஓடுது.

---

வில்லியனூர் எழுதியது:

ரயிலைப் பத்தி ஓ.டி. நண்பர் எடுத்தார், அதனால சொல்றேன். விழுப்புரம் – புதுச்சேரி பாதை 1879ல போட்டது. வில்லியனூர், சின்னபாபுசமுத்திரம், வளவனூர்னு வரிசையா ஸ்டேஷன் இருக்கு. நூத்து நாப்பது வருஷத்துக்கு மேலா தண்டவாளம் ஊருக்குள்ளயே கிடக்கு. காலையில வில்லியனூர்லேருந்து டவுனுக்கு வேலைக்கு வர்ற ஜனத்துக்கு நேரத்தோட ரெண்டு வண்டி விட்டா விழுப்புரம் ரோடு எவ்வளவு மூச்சு விடும்! ஆனா ரயில்லேருந்து இறங்கினா சுப்பையா சாலையில டவுன் பஸ் வேணும். அது இல்லாம ரயில் மட்டும் விட்டும் பிரயோசனம் இல்லை.

எனக்கு இப்ப முக்கியமாப் படறது இந்திரா சிலை – ராஜீவ் சிலை மேம்பாலம். 2025 அக்டோபர்ல அடிக்கல் நாட்டினாங்க, ஏறக்குறைய 4 கிலோமீட்டர், 436 கோடி ரூபாய். வேணாம்னு சொல்லலை. ஆனா அந்த ரோட்டுல தினமும் பஸ் ஏறுற ஆளுங்க நிக்கிறது கீழே. பாலத்துத் தூண் வந்தா ஸ்டாப்பிங் எங்க? எதிர்ப்பக்கம் போக எங்க கடக்கறது? கட்டுற வருஷங்கள்ல பஸ் எந்த வழியாச் சுத்தும்? நூறடி ரோட்டுல பாலம் கட்டினப்ப நாங்க பட்ட பாடு ஞாபகம் இருக்கு. கட்டி முடிச்ச பிறகு ஸ்டாப்பிங் வேணும்னு கேட்டா தூணைத் தள்ளி வைக்க முடியாது. இப்பவே படத்துல போடணும். சிக்னலுக்கு முன்னாடி நிறுத்தம் வெச்சா, பஸ் நிக்கிறப்ப பின்னாடி மொத்த ரோடும் நிக்கும், அதனால சிக்னல் தாண்டி வைக்கணும். நிறுத்தத்துக்கு நிழல் வேணும், நிழலுக்குக் கீழே மழைத் தண்ணி வடியணும்.

---

ரெட்டியார்பாளையம் எழுதியது:

இதுல உங்களோட முழுசா ஒத்துப் போறேன். ஆனா பாலம் சீக்கிரம் வரணும். என் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தப்ப ஆம்புலன்ஸ் ஜிப்மருக்குப் போறதுக்கு இந்திரா சிக்னல்ல நின்ன நேரத்தை நான் எண்ணினேன். அதை இப்ப எழுத மனசு வரலை. அந்த ரோட்டுல சும்மா போறவங்களை மேல அனுப்பிட்டா கீழ பஸ்ஸுக்கும் ஆம்புலன்ஸுக்கும் வழி கிடைக்கும். அப்படிக் கிடைக்கிற வழியைத் திரும்பவும் பார்க்கிங்குக்குக் குடுத்துடாம இருக்கணும். அந்த இடத்துலதான் நீங்க சொல்ற ஸ்டாப்பிங் வரணும்.

---

நேரு வீதிக் கடை எழுதியது:

அண்ணே, அப்பா இப்ப எப்படி இருக்கார்?

---

ரெட்டியார்பாளையம் எழுதியது:

நல்லா இருக்கார் தம்பி. போன வாரம் உங்க மார்க்கெட்டுக்குத்தான் வந்துட்டுப் போனார்.

---

திண்ணை எழுதியது:

தமிழர் பகுதியில், வைசியாள் வீதி என்கிற கால்வே சுப்பராயச் செட்டி வீதிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். அந்த வீதியைப் புதுப்பித்த முறைக்காக 2008ல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. அதை நினைத்தால் இன்றும் பெருமைதான். எனக்கு அந்த வீதியில் பிடித்தது முகப்புகளை விட, வீட்டுக்கு முன்னால் ஓடும் தாழ்வாரம். மரத்தூண், மேலே ஓட்டுச் சரிவு, உள்ளே திண்ணை. வெயிலிலும் மழையிலும் வழிப்போக்கர் அதன் கீழேயே நடந்து போகலாம். தெருவில் போகிறவருக்கென்று வீட்டுக்காரர் தன் இடத்தில் கட்டி வைத்த நிழல் அது. இந்த ஊரைக் கட்டியவர்களுக்கு நடந்து வருகிறவர் மேல் அவ்வளவு அக்கறை இருந்திருக்கிறது.

இன்று மிச்சம் இருக்கும் தாழ்வாரங்களில் முக்கால்வாசி பைக்குகள் நிற்கின்றன, அல்லது கம்பி போட்டு அடைத்து விட்டார்கள். வாடகைக்குக் குடியிருந்த பல குடும்பங்கள் லாஸ்பேட்டைக்கும் வில்லியனூருக்கும் போய்விட்டன. அந்த வீடுகள் தங்கும் விடுதிகள் ஆகின்றன. போனவர்களின் வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் இங்கேயே இருக்கின்றன. முன்பு பத்து நிமிடம் நடந்தவர்கள் இப்போது தினமும் இரண்டு வண்டி மாறி வருகிறார்கள். புதுப்பித்தலையும் பஸ்ஸையும் ஒன்றாகப் பேச வேண்டும் என்று இந்தப் பெண் சொல்வது இதனால்தான் எனக்கு மிகச் சரியாகப் படுகிறது.

ஒரு சட்ட விவரம். தெருவோர வியாபாரிகள் சட்டம், 2014. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதென்றால் 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். மார்க்கெட்டைச் சுற்றித் தெருவில் விற்பவர்களுக்கு இது கைகொடுக்கும். உள்ளே அடிக்காசு கட்டி உட்காருகிறவர்கள் அந்தத் தினசரி ரசீதுகளைத் தூக்கிப் போடாமல் எடுத்து வைக்கட்டும். இத்தனை நாளாக அங்கே இருக்கிறோம் என்பதற்கு அதுதான் சாட்சி.

---

வீராம்பட்டினத்துப் பொண்ணு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ரசீது விஷயம் அம்மாகிட்ட சொன்னேன். மஞ்சள் டப்பாவுக்குள்ள ஒரு கட்டு வெச்சிருக்காங்க, ஈரம் பட்டுப் பாதி எழுத்து அழிஞ்சு போச்சு. இன்னிக்குலேருந்து ஃபோன்ல படம் எடுத்து வைக்கிறோம்.

நேத்து நானும் லோடு ஆட்டோவுல அம்மா கூடப் போனேன். ஒரு நோட்டு எடுத்துட்டுப் போனேன், நேரத்தை எழுதறதுக்கு. தெருமுனை 3:15. முருங்கப்பாக்கத்துல இன்னொரு அக்கா ஏறினாங்க, அதுக்கே பத்து நிமிஷம். மார்க்கெட் வாசல் 3:50. ஏலம் ஏற்கெனவே ஆரம்பிச்சாச்சு. லைட்டுக்கு அடியில பாக்ஸ் பாக்ஸா சங்கரா, வஞ்சிரம், கிழங்கான். ஏலம் விடுறவர் சொல்ற தொகை எனக்குக் காதுலயே விழலை, அம்மா மட்டும் சரியா ஒரு இடத்துல விரலை நீட்டினாங்க. அஞ்சு நிமிஷம் முன்னாடி வந்திருந்தா நல்ல கிழங்கான் கிடைச்சிருக்கும்னு சொன்னாங்க. முருங்கப்பாக்கத்துல நின்ன அந்தப் பத்து நிமிஷம்தான் அவங்களுக்கு விலை.

மொத்த ஏலத்தை ஈ.சி.ஆர். நவீன மீன் அங்காடிக்கு மாத்தணும்னு சொன்னப்ப நம்ம பெண்கள் எதிர்த்தாங்க இல்லையா, அது பிடிவாதம்னு வெளிய பேசினாங்க. நேத்து எனக்குப் புரிஞ்சுது. தெக்குப் பக்கத்துக் குப்பங்கள்லேருந்து வர்றவங்களுக்கு ஏலம் ஒரு கோடியில, விக்கிற இடம் இன்னொரு கோடியில ஆயிடும். நடுவுல போக பஸ் இல்லை. அங்க ஏலத்துல எடுத்துட்டு இங்க கொண்டு வர இன்னொரு ஆட்டோ. அங்காடி நல்லாக் கட்டியிருக்காங்கன்னு அம்மாவே சொல்றாங்க. மீன்பிடித் தடைக்காலத்து 61 நாள்ல கேரளாவுலேருந்து லாரியில மீன் வரும்போது லாரி நிக்க அங்க வசதின்னும் சொல்றாங்க. போய் வர வழி இருந்திருந்தா இவ்வளவு எதிர்ப்பு வந்திருக்குமான்னு எனக்குச் சந்தேகம்தான்.

மனுவுல இப்போதைக்கு எழுதினது: மார்க்கெட் கட்டுறப்ப வாசல்லயே டவுன் பஸ்ஸுக்கு நிறுத்தம், பார்க்கிங்குக்கு முன்னாடி அதுக்கு இடம் ஒதுக்கணும். வீராம்பட்டினத்துலேருந்தும் வைத்திக்குப்பம் வழியா காலாப்பட்டு பக்கத்துலேருந்தும் விடிகாலையில ஒரு வண்டி, பின்பக்கம் நாலு சீட்டை எடுத்துட்டு கூடை வைக்கத் தகடு போட்ட தரை. அதே வண்டி பகல்ல ரயில்வே ஸ்டேஷன், மார்க்கெட், பஸ் ஸ்டாண்டுன்னு சுத்தி வரட்டும், நேரு வீதி அண்ணன் சொன்ன மூட்டைக்காரங்களுக்கு. கழிப்பறை ரெண்டரை மணிக்கும் திறந்திருக்கணும். பாலத்துப் படத்துல ஸ்டாப்பிங். வேற என்ன சேர்க்கணும்?

---

பழைய கண்டக்டர் எழுதியது:

தகடு போட்ட தரைன்னு எழுதினீங்களே, அதுல தண்ணி வடிய பின்பக்கம் ஒரு ஓட்டையும், கூடை நகராம இருக்க குறுக்க ஒரு கம்பியும் போடச் சொல்லுங்க. இல்லைன்னா முதல் வாரமே பிரேக் போடும்போது கூடை கவுந்து, வேணாம்னு சொல்றதுக்கு அவங்களுக்குக் காரணம் கிடைச்சுடும்.

உக்காந்து டைம் போட்டுப் பார்த்தேன். வீராம்பட்டினம் 3:30, அரியாங்குப்பம் 3:38, முருங்கப்பாக்கம் 3:43, முதலியார்பேட்டை 3:48, கேட் தாண்டி மார்க்கெட் 3:58. காலி ரோடு, ஒரு ஸ்டாப்பிங்குக்கு ஒரு நிமிஷம் நின்னாலும் கட்டும். ரெண்டாவது நடை 4:50, அது காய்கறிக்காரங்களுக்கும் ஆஸ்பத்திரி டூட்டி போறவங்களுக்கும். மார்க்கெட்லேருந்து திரும்புறது 11:30, 1:15. எல்லாத்தையும் ஒரே வண்டி பார்த்துக்கும். டிரைவர் மட்டும் ரெண்டு ஷிப்ட். இந்தப் பேப்பரை மனுவோட சேர்த்து வைங்க. டைம் போட்டே கொண்டு போனா ஆபீஸ்ல எடுத்துப் பார்ப்பாங்க.

---

வீராம்பட்டினத்துப் பொண்ணு எழுதியது:

ஐயா, படிச்சுக் காட்டினேன். அம்மா ரெண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னாங்க. கம்பிக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா 3:30 வேணாமாம். 3:58க்குப் போய்ச் சேர்ந்தா நேத்து மாதிரியே நல்ல மீன் போயிருக்கும்னு சொல்றாங்க. 3:10க்குப் போடச் சொல்றாங்க. அப்படின்னா முருங்கப்பாக்கத்து அக்கா 3:23க்கு ரோட்டுக்கு வந்துடணும். அவங்க வீட்டுக்கு இன்னிக்குச் சாயங்காலம் போய்க் கேட்டுட்டு வந்து எழுதறேன்.